நீர்வண்ணம் தொடங்குவோருக்கு வகுப்பெடுப்பது எப்படி: பன்னிரண்டு பேர், நான்கு வாரம்

குடியிருப்போர் சங்கக் கூடத்திலோ கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்திலோ பத்துப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து வாட்டர் கலர் சொல்லிக்கொடுக்க முன்வருபவர், ஓரளவு தாமே தீட்டத் தெரிந்தவராகத்தான் இருப்பார். ஆனால் தீட்டத் தெரிவது ஒரு வேலை. பன்னிரண்டு தாள்கள் ஒரே நேரத்தில் காய்ந்துகொண்டிருக்கும் அறையைச் சமாளிப்பது வேறொரு வேலை. நான் எடுத்த முதல் தொடரில் முதல் நாளே ஆற்றங்கரைக் காட்சி ஒன்றைத் தீட்டக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் வந்தவர்கள் பாதிப் பேர்தான்.

அதன் பிறகு பலமுறை மாற்றி அமைத்த வரிசையை இங்கே எழுதுகிறேன். வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், மொத்தம் நான்கு வகுப்புகள். முதலில் தண்ணீர், அடுத்து வண்ணம், கடைசியில்தான் படம். இந்த வரிசையை மாற்றினால் ஒருவர் தடுமாறும்போது அவருக்குத் தெரியாதது ஓவியக் கோடா, கலவையா, ஈரமா என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

1. ஆட்கள், அறை, மின்விசிறி

ஓர் ஆசிரியருக்குப் பன்னிரண்டு பேர் போதும். தாளில் ஈரம் பளபளப்பாக இருக்கும் சில நிமிடங்களுக்குள் அறையை ஒருமுறை சுற்றி எல்லாத் தாள்களையும் பார்த்துவிட வேண்டும் என்பதே இந்தக் கணக்குக்குக் காரணம். அதற்கு மேல் பெயர் கொடுத்தால் இரண்டாவது குழுவாகப் பிரித்துவிடுங்கள், அல்லது தூரிகை பிடிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்களையும் பெரியவர்களையும் ஒரே வகுப்பில் சேர்க்க வேண்டாம். சிறுவர்கள் காய்வதற்குக் காத்திருக்க மாட்டார்கள், பெரியவர்கள் தாளில் தண்ணீர் வைக்கவே தயங்குவார்கள். இரண்டுக்கும் ஒரே வேகத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது.

அறையில் முதலில் பார்க்க வேண்டியது தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி. விசிறிக்கு நேர் கீழே இருப்பவரின் தாள் காய்ந்து முடியும்போது ஓரத்தில் இருப்பவரின் தாளில் தண்ணீர் அப்படியே நிற்கும். அதன் பிறகு நீங்கள் கொடுக்கும் எந்தக் கட்டளையும் இருவருக்கும் ஒருசேரப் பொருந்தாது. வண்ணம் பூசும்போது விசிறியை நிறுத்திவிட்டு, காய வைக்கும்போது மட்டும் போட வேண்டும். சித்திரை, வைகாசியில் இதற்கு முணுமுணுப்பு எழும் என்பதால் அந்த மாதங்களில் காலை ஏழரை மணிக்கே தொடங்கிவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்கல் தலைகீழாகிறது: ஒரு பூச்சு காய அரை மணி நேரம்கூட ஆகலாம், ஆகவே அன்றைக்குத் திட்டமிட்ட பயிற்சிகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மேசைகளை ப வடிவில் போட்டால் நீங்கள் நடுவில் நின்று எல்லோருடைய தாளையும் பார்க்கலாம். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் யார் என்று முதலிலேயே கேட்டு, அவர்களுடைய தண்ணீரையும் தட்டையும் இடப்பக்கம் வையுங்கள். இல்லையென்றால் அவர்கள் தூரிகையைத் தாளைக் கடந்து கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு விழும்.

2. தாள்: இதில் சிக்கனம் வேண்டாம்

பள்ளிக்கூட டிராயிங் நோட்டுத் தாளில் நீர்வண்ணம் கற்பிக்க முடியாது. தண்ணீர் பட்டதும் அது நெளிந்து மேடு பள்ளமாகிவிடும். வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கும். தீட்டியவர் தம் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். நான் பார்த்தவரை தொடக்கத்திலேயே விலகிப் போனவர்களில் பெரும்பாலோரைத் துரத்தியது மோசமான தாள்தான்.

300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பான வாட்டர் கலர் தாளை வாங்குங்கள். முழுப் பருத்தியால் ஆன தாள் விலை கூடியது. அது ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாலும், தொடங்குவோருக்கு மரக்கூழ்த் தாளே போதும். வண்ணத்தில் மிச்சம் பிடிக்கலாம், தூரிகையில் மிச்சம் பிடிக்கலாம். 300 ஜிஎஸ்எம் என்பதில் மட்டும் இறங்கி வராதீர்கள்.

கணக்கு எளிது. 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் அளவுள்ள முழுத் தாள் ஒன்றை எட்டாக வெட்டினால் 11 அங்குலத்துக்கு 7½ அங்குலத் துண்டுகள் கிடைக்கும். பன்னிரண்டு பேருக்கு, நான்கு வாரங்களுக்கு, வாரத்துக்கு இரண்டு துண்டுகள் என்றால் 96 துண்டுகள், அதாவது 12 முழுத் தாள்கள். கெட்டுப்போவதற்காக மேலும் இரண்டு தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரப் பயிற்சிகளுக்கு இந்தத் துண்டுகளையே இன்னும் பாதியாக வெட்டிக் கொடுக்கலாம். சிறிய பரப்பில் ஈரம் கைமீறிப் போவதில்லை. ‘நல்ல தாளை வீணாக்கிவிடுவோமோ’ என்ற பயமும் குறைகிறது.

3. வண்ணம், தூரிகை, மற்றவை

பொருள்களை நீங்களே மொத்தமாக வாங்கி, செலவைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரையும் வாங்கிவரச் சொன்னால் ஒருவர் போஸ்டர் கலர் புட்டிகளோடும், இன்னொருவர் பேரனுடைய கேக் வண்ண (காய்ந்த வில்லை) பெட்டியோடும், மூன்றாமவர் அக்ரிலிக் டியூபோடும் வந்து நிற்பார்கள். போஸ்டர் கலர் தாளை மூடி மறைக்கும் வண்ணம், நீர்வண்ணமோ அடியிலுள்ள தாளின் வெண்மையைக் காட்டும் வண்ணம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒரே பாடத்தைச் சொல்ல முடியாது.

நான்கு டியூப் வண்ணங்கள் போதும்: லெமன் யெல்லோ என்ற மஞ்சள், கிரிம்சன் என்ற சிவப்பு, அல்ட்ராமரைன் ப்ளூ என்ற நீலம், பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு. மாணவர் தரமே போதுமானது. பன்னிரண்டு நிறப் பெட்டியாக வாங்க நேர்ந்தால் வெள்ளையையும் கறுப்பையும் முதல் நாளே எடுத்து உங்கள் பையில் வைத்துவிடுங்கள். வெள்ளை கையில் இருந்தால் நிறத்தை வெளிறச் செய்யத் தண்ணீரைத் தேட மாட்டார்கள், கறுப்பு இருந்தால் எல்லா நிழலும் கரியாகும்.

தலைக்கு இரண்டு செயற்கை இழைத் தூரிகைகள்: 10ஆம் எண் உருண்டை ஒன்று, 6ஆம் எண் உருண்டை ஒன்று. அதைவிடச் சிறியதைக் கண்ணில் காட்ட வேண்டாம். மெல்லிய தூரிகை கையில் இருந்தால் புதியவர் அதைக் கொண்டு வானம் முழுவதையும் கோடு கோடாக நிரப்பப் பார்ப்பார்.

கலவைத் தட்டுக்கு வெள்ளைப் பீங்கான் தட்டு நன்று. எவர்சில்வர் தட்டில் நிறத்தின் உண்மையான அழுத்தம் தெரியாது. பிளாஸ்டிக் தட்டில் வண்ணம் முத்து முத்தாகத் திரண்டுகொள்ளும். இவை தவிர ஆளுக்கு இரண்டு குவளைத் தண்ணீர், பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்று, மாஸ்கிங் டேப், பரீட்சை அட்டை ஒன்று. ஒரு குவளை தூரிகையைக் கழுவ. மற்றொன்று சுத்தமான தண்ணீர் எடுக்க. ஒரே குவளை வைத்தால் பத்தாவது நிமிடத்தில் எல்லா நிறங்களும் சாக்கடை நிறத்தைப் பூசிக்கொள்ளும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர்த்துக் குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள்.

4. முந்தைய நாள் செய்து வைக்க வேண்டியவை

தாள்களை வெட்டி, பரீட்சை அட்டையில் நான்கு ஓரங்களிலும் டேப் ஒட்டி வைத்துவிடுங்கள். வகுப்பில் இதைச் செய்யச் சொன்னால் இருபது நிமிடம் போய்விடும். எந்தத் தாளில் எந்தப் பயிற்சியைச் செய்யப் போகிறார்களோ அதே தாளில், அதே வண்ணத்தில், அதே தண்ணீரில் நீங்கள் ஒருமுறை செய்து பாருங்கள். வீட்டில் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் உயர்ரகத் தாளில் செய்து பார்த்துவிட்டு வந்தால், வகுப்பில் காய்கிற நேரம் மாறிப்போய் உங்கள் செய்முறையே பிசகும்.

நான்காம் வாரத்துக்கான படத்தின் வெளிக்கோட்டை எல்லாத் தாள்களிலும் பென்சிலால் லேசாகப் பதித்து வைப்பதும் உங்கள் வேலைதான். ‘அது ஏமாற்று இல்லையா?’ என்று யாராவது கேட்பார்கள். வரைவது தனிப் பாடம், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இங்கே வரைய விட்டால் அழித்து அழித்து வரைவார்கள். ரப்பர் தேய்த்த இடத்தில் தாளின் மேற்பூச்சு கிழிந்து, அங்கே மட்டும் வண்ணம் ஊறிக் கறுத்துத் தெரியும்.

தின்பண்டம் கொண்டுவர விரும்புகிறவர்களிடம் வகுப்பு முடிந்த பிறகு பரிமாறச் சொல்லிவிடுங்கள். வடை தொட்ட விரல் தாளில் பட்டால் அந்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு நேரே வருபவர்களையும் கை கழுவச் சொல்ல வேண்டியிருக்கும்.

5. முதல் வாரம்: ஈரத்தைப் பார்க்கப் பழகுதல்

முதல் அரை மணி நேரம் வண்ணமே கிடையாது. பெரிய தூரிகையில் வெறும் தண்ணீரை எடுத்துத் தாளில் ஒரு சதுரம் பூசச் சொல்லுங்கள். பின்னர் தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் தண்ணீர் குளமாகத் தேங்கி நிற்கும். பிறகு குளம் வடிந்து சீரான பளபளப்பு மட்டும் இருக்கும். அதன் பின் பளபளப்பு போய்விடும், ஆனால் புறங்கையை வைத்தால் குளிரும். கடைசியில் முழுக்கக் காய்ந்துவிடும். இந்த நான்கு நிலைகளையும் எல்லோரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நான்கு வாரமும் நீங்கள் கொடுக்கப்போகும் கட்டளைகளெல்லாம் ‘பளபளப்பு இருக்கும்போது’, ‘குளிர்ச்சி போன பிறகு’ என்றுதான் இருக்கும்.

வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. தண்ணீர் தேங்கியிருக்கும்போது மாவு விழுந்தால் கரைந்து பரவும், ஈரம் சுண்டிய பிறகு விழுந்தால் இழை அப்படியே நிற்கும். இதைச் சொன்னதும் முகம் தெளிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து நான்கு சதுரங்களை வரிசையாக ஈரமாக்கி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு சொட்டு அல்ட்ராமரைனை வைக்கச் சொல்லுங்கள். குளத்தில் வைத்தது திசையின்றி ஓடும். பளபளப்பில் வைத்தது மென்மையாகப் பரவும். குளிர்ச்சி நிலையில் வைத்தது சிறிதே பரந்து நிற்கும். காய்ந்ததில் வைத்தது கூர்மையான விளிம்போடு நிற்கும். இந்த ஒரு தாளில் பெயரும் தேதியும் எழுதி, கடைசி வகுப்பு வரை கண்முன்னே வைத்துக்கொள்ளச் செய்யுங்கள்.

மீதி நேரத்தில் வண்ணக் கரைசலின் அடர்த்தி. நீர்மோர், மோர், கட்டித் தயிர் என மூன்று பதங்களைத் தட்டில் கலக்கச் சொல்லுங்கள். ‘கொஞ்சம் தண்ணீர் சேர்’ என்று சொல்வதால் பயனில்லை, ஆளாளுக்குக் கொஞ்சம் என்பது வேறு. மூன்று பதங்களையும் தாளில் தீட்டிக் காயவிட்டால், காய்ந்த பின் மூன்றுமே வெளிறிப்போவதைத் தாங்களே காண்பார்கள். நீர்வண்ணத்தில் தீட்டும்போது போதுமென்று தோன்றும் அழுத்தம் காய்ந்த பின் போதாது என்பதை இப்படித்தான் நம்புவார்கள்.

6. இரண்டாம் வாரம்: வாஷ்

ஒரு பரப்பை ஒரே சீராகப் பூசுவதை வாஷ் என்கிறோம். இதற்கு அட்டையைத் தட்டையாக வைக்கக் கூடாது. தலைப்பக்கத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தைச் செருகினால் வண்ணம் கீழே வடிந்து கோட்டின் அடியோரத்தில் ஒரு நீர்மணி வரிசையாகத் திரளும். அடுத்த கோடு அந்த நீர்மணியைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். கடைசிக் கோட்டில் தேங்கும் மிச்சத்தைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் அது மேலே ஏறிக் கறையாகும்.

வாஷ் தொடங்கும் முன் தட்டில் உள்ள கரைசல் முழுப் பரப்புக்கும் போதுமா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். புதியவர் அனைவரும் தேவையில் பாதிதான் கலக்குவார்கள். பாதி வானத்தில் தீர்ந்துபோய், மறுபடி கலக்கி வருவதற்குள் விளிம்பு காய்ந்து கோடு விழுந்துவிடும்.

பூசிய இடத்துக்கு மறுபடி போகாதிருப்பதே இதில் கடினமான பாடம். ஒருமுறை எழுபது வயதை நெருங்கிய அம்மா ஒருவர், வாழ்நாளில் தூரிகையைத் தொட்டதே இல்லை என்று தயங்கியபடி வந்தார். வகுப்பிலேயே சீரான வாஷ் அவருடையதாக இருந்தது. எப்படி என்று கேட்டபோது, “கோலத்துல இழுத்த இழைமேல திரும்பக் கை வைப்பாங்களா?” என்றார். மற்றவர்கள் சின்னத் திட்டு தெரிந்ததும் அதைச் சரிசெய்யப் போய், பாதி காய்ந்த இடத்தில் புதுத் தண்ணீரை வைத்து, காலிஃபிளவர் போல் ஓரம் சுருண்ட கறைகளை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கறையை ஒளிக்க வேண்டாம், வேண்டுமென்றே ஒருமுறை செய்துகாட்டுங்கள். குளிர்ச்சி நிலையில் உள்ள பரப்பில் ஒரு சொட்டுச் சுத்தத் தண்ணீரை விட்டால், அது நிறத்துகள்களைச் சுற்றிலும் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் குவிக்கும். காரணத்தைக் கண்ணால் பார்த்தவர் அடுத்த முறை கையை இழுத்துக்கொள்வார். இதே வாரத்தில் மேலிருந்து கீழே வெளிறிக்கொண்டு வரும் வாஷையும் செய்ய வைக்கலாம். ஒவ்வொரு கோட்டுக்கும் கரைசலில் சற்றுத் தண்ணீர் கூட்டுவது தவிர அதில் புதிதாக ஒன்றுமில்லை.

செய்முறை காட்டும் விதத்தைப் பற்றி இங்கே ஒரு சொல். நீங்கள் முழுவதையும் தீட்டிக் காட்டிவிட்டு ‘இப்போது நீங்கள்’ என்றால் முதல் படி மறந்துபோயிருக்கும். அவர்களும் உங்களோடு சேர்ந்து தீட்டினால், உங்களைப் பார்க்கும் நேரத்தில் அவர்கள் தாள் காய்ந்துவிடும். ஒரு படியைக் காட்டி, தூரிகைகளைக் கீழே வைத்திருக்கும் அவர்களை அதை வாயால் சொல்லச் செய்து, பிறகு தீட்ட விடுங்கள். கைப்பேசியை ஒரு தாங்கியில் மேலிருந்து பார்க்கும்படி பொருத்தி, கூடத்தில் உள்ள தொலைக்காட்சியில் காட்ட முடிந்தால் உங்கள் மேசையைச் சுற்றி முண்டியடிக்க மாட்டார்கள்.

7. மூன்றாம் வாரம்: நான்கிலிருந்து கலவைகள்

கலப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு: வெளிர்ந்த நிறத்தை முதலில் தட்டில் வைத்து, அழுத்தமான நிறத்தைச் சிறிது சிறிதாக அதில் சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கத் தொடங்கினால் டியூபில் பாதி மஞ்சள் தீர்ந்த பிறகுதான் பச்சை கண்ணில் படும்.

லெமன் யெல்லோவும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் சற்று அடங்கிய இலைப் பச்சை வரும். கிரிம்சனும் அல்ட்ராமரைனும் கத்தரிக்காய் நிறம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியென்னாவும் சேர்ந்தால் சாம்பல். நீலம் தூக்கலாக இருந்தால் அது மழைமேகம், பழுப்பு தூக்கலாக இருந்தால் பனைமரத்து அடி. கறுப்பு இல்லாமலே இவ்வளவு ஆழம் கிடைக்கிறதா என்று வியப்பது இந்தச் சாம்பலைப் பார்த்துத்தான். அதனால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் தேங்கும் கரைசலான ஒரே குட்டையில் மூன்று நிறங்களுக்கு மேல் கலக்கக் கூடாது என்ற ஒரே விதியை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மஞ்சளும் ஊதாவும் கலந்தால் ஏன் பழுப்பாகிறது என்பதையும் இன்றே செய்துபார்க்கட்டும், அடுத்த வாரம் அது தேவைப்படும்.

8. நான்காம் வாரம்: ஒரு கத்தரிக்காய்

காட்சிப் படம் வேண்டாம். ஆளுக்கொரு நீளமான ஊதாக் கத்தரிக்காயைக் கையில் கொடுத்துவிடுங்கள். மூன்று வாரமாகப் படித்த எல்லாம் அதில் இருக்கிறது: வெள்ளையாக விட வேண்டிய ஒளிக்கீற்று, பளபளப்பில் பரவும் நிழல், காய்ந்த பின் போடும் கூரிய விளிம்பு.

முதலில் சன்னலைப் பார்த்தபடி காயை வைத்து, அதன் மேல் வெளிச்சம் விழும் இடத்தைப் பென்சிலால் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் வண்ணமே படக் கூடாது. தாளின் வெண்மையைத் தவிர வேறு வெள்ளை நம்மிடம் இல்லை.

பிறகு ஊதாவை நீர்மோர்ப் பதத்தில் ஒரு குட்டையாகவும், கட்டித் தயிர்ப் பதத்தில் மற்றொரு குட்டையாகவும், தாளைத் தொடும் முன்பே கலந்து வைக்க வேண்டும். ஒளிக்கீற்றை விட்டுவிட்டுக் காயின் உடல் முழுவதும் நீர்மோர் ஊதாவைப் பூசி, அது பளபளக்கும்போதே அடிப்பக்கத்திலும் நிழல் ஓரத்திலும் கெட்டி ஊதாவைத் தொட்டு வைத்து, அட்டையைச் சாய்த்து அதைத் தானே பரவ விடச் சொல்லுங்கள். தூரிகையால் தேய்த்துப் பரப்பினால் உருண்டை தெரியாது, தட்டையாகப் போகும்.

இப்போது எல்லோரும் தூரிகையை வைத்துவிட்டு எழுந்து நடக்கட்டும். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தால் கை தானாக ஈரத்தில் போய் நோண்டும். புறங்கைக்குக் குளிர்ச்சி போன பிறகு, நிழல் ஓரத்தில் மோர்ப் பதத்தில் இரண்டாவது பூச்சு. அதன் உள்விளிம்பைச் சுத்தமான ஈரத் தூரிகையால் ஒருமுறை தடவி மென்மையாக்க வேண்டும்.

காம்புத் தொப்பியின் பச்சையை ஊதா முழுக்கக் காய்ந்த பிறகே வைக்க வேண்டும். அவசரப்பட்டால் போன வாரத்துப் பழுப்பு வந்து நிற்கும். கடைசியாக மேசையில் விழும் நிழல்: அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியென்னாவும் சேர்ந்த சாம்பல், காயின் அடியைத் தொட்டுக்கொண்டே தொடங்க வேண்டும். அந்த நிழலைப் போடாத கத்தரிக்காய் தாளில் மிதந்துகொண்டிருக்கும்.

9. கூப்பிடும்போது என்ன சொல்வது

“சார், வெள்ளை போயிடுச்சு” என்பதுதான் அதிகம் கேட்கும் குரல். ஈரம் இருக்கும்போதே பிழிந்த தூரிகையால் வண்ணத்தை உறிஞ்சி எடுக்கலாம். காய்ந்துவிட்டால் சுத்தத் தண்ணீரால் அந்த இடத்தை நனைத்து, சில விநாடி பொறுத்து, துணியால் ஒற்ற வேண்டும். கிரிம்சன் தாளில் ஊறிப் பிடித்துக்கொள்ளும் தன்மையுடையது என்பதால் முழு வெள்ளை திரும்ப வராது. அதை முன்பே சொல்லிவிட்டால் ஓட்டை விழும்வரை தேய்க்க மாட்டார்கள்.

எல்லாம் வெளிறிப்போய் இருக்கிறது என்பவர்களுக்குக் கரைசலில்தான் குறை; படத்தை விட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள். எல்லாம் சேறாக இருக்கிறது என்பவரின் கழுவும் குவளையைப் பாருங்கள். கை நடுங்கும் முதியவர்களுக்கு ஐந்து விரலையும் தூரிகையின் நடுப்பகுதியில் வைத்து, முழங்கையை மேசையில் ஊன்றச் சொன்னால் பெரிய பூச்சுகளில் தடையிராது.

நீங்கள் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அவர்கள் தாளில் உங்கள் தூரிகையை வைக்காதீர்கள். உங்கள் தாளின் ஓரத்தில் செய்துகாட்டுங்கள். ஒருமுறை ஒருவர் படத்தில் நிழலை நான் ‘சரிசெய்து’ கொடுத்தேன். அவர் அந்தப் படத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவே இல்லை.

10. முடிக்கும் கால் மணி நேரம்

டேப்பைத் தாள் முழுக்கக் காய்ந்த பின்னரே, தாளிலிருந்து வெளிப்பக்கமாக, படுக்கை வாக்கில் மெதுவாக இழுத்து உரிக்க வேண்டும். நேர் மேலே இழுத்தால் தாளின் தோலும் கூடவே வரும். வெள்ளைச் சட்டத்தோடு படம் வெளிப்படும் இந்தத் தருணத்துக்குக் கடைசி வகுப்பில் பத்து நிமிடமாவது ஒதுக்கி வையுங்கள். எல்லாப் படங்களையும் ஒரே மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொருவரும் எந்த இடத்தில் ஈரம் தங்கள் சொல்லைக் கேட்டது என்று ஒரு விரலை வைத்துக் காட்டச் சொல்லலாம்.

தூரிகைகளைக் கழுவி, நுனியை விரலால் கூராக்கி, துணிமேல் படுக்க வைத்துக் காய விடுங்கள். தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிற்கவைத்தால் இழைகள் வளைந்துவிடும், கைப்பிடியின் மரம் ஊறி உலோக வளையம் கழன்றுவிடும். தட்டில் மிஞ்சிய வண்ணத்தைக் கழுவ வேண்டாம்; காய விட்டு மூடி வைத்தால், அடுத்த குழு வரும்போது ஒரு சொட்டுத் தண்ணீரில் மறுபடி கரையும்.